மாநிலத்தைப் பூட்டுவதா, தெருவைப் பூட்டுவதா?

எல்லாரையும் வீட்டில் வைக்கும் முழு ஊரடங்கு ஒன்று. தொற்று கண்ட தெருவை மட்டும் அடைக்கும் வட்டாரக் கட்டுப்பாடு இன்னொன்று. கொரோனா காலத்தில் தமிழ்நாடு இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. என் ஓட்டு தெருவுக்குத்தான்.

முழு ஊரடங்கின் பலம் தெரிந்ததே: யாருக்கு நோய் என்று தெரியாதபோதும் அது பரவலைக் குறைக்கும். பரிசோதனை வசதி மிகக் குறைவாக இருந்த 2020 மார்ச்சில் வேறு வழியும் பெரிதாக இல்லை. விலையும் தெரிந்ததே. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய கால்பங்கு சுருங்கியது.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. அடைத்து வைத்தவருக்குச் சோறு போடுவது யார்? 2020 மார்ச் அறிவிப்பில் அரிசி அட்டைக்குத் தலா 1000 ரூபாயும் விலையில்லா ரேஷன் பொருள்களும் கிடைத்தன. நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு நாள் கூலி 256 ரூபாய். ஆக, 1000 ரூபாய் என்பது நான்கு நாள் கூலிகூட இல்லை; முதல் ஊரடங்கோ 21 நாள். ஆனால் அட்டைகள் சுமார் 2 கோடி என்பதால் அரசுக்கு ஆன செலவு ஏறக்குறைய 2000 கோடி. அதே பணத்தைத் தெருக்கணக்கில் போட்டுப் பாருங்கள். 100 வீடுள்ள ஒரு தெருவை 14 நாள் அடைத்து, வீட்டுக்கு ஒருவருக்கு முழுக் கூலி கொடுத்தால் 3,58,400 ரூபாய். 2000 கோடியில் 55 ஆயிரம் தெருக்களுக்குக் கொடுக்கலாம். கூலி கைக்கு வந்தால் காய்ச்சலை மறைக்க வேண்டிய அவசியம் குறையும். மறைத்த காய்ச்சல்தான் இந்த முறையைக் கவிழ்ப்பது.

கவிழ்ப்பவை இன்னும் உண்டு. பரிசோதனை முடிவு மூன்று நாள் தாமதமானால், தெருவை மறிக்கத் தகரம் அடிக்கும்போது நோய் அடுத்த தெருவில் இருக்கும். பொதுக்குழாயும் பொதுக்கழிப்பறையும் உள்ள குடிசைப் பகுதியில் தெருவை அடைத்தால் உள்ளேயே பரவும். அங்கே தொற்றாளரைப் பராமரிப்பு மையத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். தொற்றாளர் வீட்டு வாசலில் ஒட்டும் நோட்டீஸ் அக்கம்பக்கத்தை விரட்டுமே தவிர நோயை விரட்டாது. தினமும் வீடுவீடாகக் காய்ச்சல் விசாரிப்பதும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனே ஆம்புலன்ஸ் அனுப்புவதும்தான் உருப்படியான வேலை. தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியது கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவே.

அடுத்து அதிகாரம். மாநிலம் முழுக்க அடைத்தால் அதைக் காக்கும் பொறுப்பு லத்தி வைத்திருப்பவரிடம் போகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் மீறலுக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பல லட்சம் வண்டிகள் பறிமுதலாயின. ஊரடங்கு மீறல் வழக்குகளில் சுமார் 10 லட்சத்தை 2021 பிப்ரவரியில் அரசே கைவிடுவதாக அறிவித்தது. சாத்தான்குளத்தில், குறித்த நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்ததாகப் போலீஸாரால் அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் உயிரோடு திரும்பவில்லை. தெருவை அடைத்தால் கடிவாளம் சுகாதார அலுவலர் கையில் இருக்கும். அதற்கான பொதுச் சுகாதாரச் சட்டம் 1939 முதலே நம்மிடம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் அதைத் திருத்தி, முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள். ரசீதோடு முடிகிற விஷயம்.

முழு அடைப்பை அவசரமாக அறிவிப்பதே கூட்டத்தைக் கூட்டிவிடும். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு அடைப்பு என்றதும் முந்தைய நாள் சந்தைகளில் கூட்டம் அலைமோதியது. மே 5 அன்று சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டபோது, அங்கு போய்வந்தவர்கள் வழியாகத் தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போயிருந்தது.

ஆனால் தெருக்கணக்கு தோற்கும் கட்டமும் உண்டு. 2021 மே மாதத்தில் மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டியது. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற அந்த நேரத்தில் எந்தத் தெரு என்று பிரிக்க நாளும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே முழு ஊரடங்குதான். அப்போதும் வீட்டு வாசலுக்குக் காய்கறி வண்டி வந்தது. இரண்டு தவணையில் அட்டைக்கு 4000 ரூபாயும் வந்தது; அந்த ஆண்டின் 273 ரூபாய்க் கூலிக்கு அது ஏறக்குறைய 15 நாள்.