மொத்தமாகத் தேர்தலா, மூன்றில் ஒரு பங்கா?

இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகளான மாவட்டக் கவுன்சில்களின் தேர்தல் முடிவுகளைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எந்தக் கட்சி வென்றது என்பதை அல்ல, எத்தனை இடங்களுக்குத் தேர்தல் நடந்தது என்பதை.

கிழக்கு இங்கிலாந்தின் மிட் சஃபோக் மாவட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. 2019-இல் 12 இடம் வைத்திருந்த பசுமைக் கட்சி 2023 மே மாதம் 34-இல் 24 இடங்களைப் பிடித்து, நாட்டிலேயே முதல்முறையாக ஒரு கவுன்சிலைத் தனிப் பெரும்பான்மையோடு கைப்பற்றியது. ஒரே நாளில் ஆட்சியே மாறிவிட்டது!

பக்கத்து நார்ஃபோக்கில் இருக்கும் நாரிச் நகரக் கவுன்சிலில் இது நடக்காது. அங்கே மொத்தம் 39 இடம், 13 வார்டு, வார்டுக்கு மூன்று பேர், ஒரு தேர்தலில் வார்டுக்கு ஓர் இடத்துக்குத்தான் வாக்குப்பதிவு, அதனால் புதுக் கட்சி ஒன்று 13-ஐயும் அள்ளினாலும் பெரும்பான்மைக்கு இன்னும் ஏழு குறையும். அனுபவசாலிகள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போக மாட்டார்கள் என்பது இதன் பலம். சரி, ஆனால் குப்பை அள்ளுவதிலும் வீட்டு வசதியிலும் கோபமாக இருக்கும் மக்கள் எவ்வளவு காலம் காத்திருப்பது?

என் ஓட்டு மிட் சஃபோக் முறைக்குத்தான். அப்புறம், இங்கிலாந்தில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் இந்தத் தேர்தல்களில் வாக்குரிமை உண்டு, பெயரை மட்டும் பதிந்துகொள்ளுங்கள்.