சித்தப்பா வீட்டு வீராவும் பிறைப் போமனும்

மெல்பர்னில் மலேசியாவின் பினாங்குக்கு டிக்கெட் போட்ட அன்றே சித்தப்பா சொல்லிவிட்டார்: "வாடகைக்கு எல்லாம் எடுக்காதேம்மா, அப்பா காடி வாசல்ல சும்மாதானே கிடக்கு." காடி என்றால் கார்: அப்பாவின் 1997 புரோட்டோன் வீரா, 1.5 லிட்டர், ஆட்டோ கியர். மிட்சுபிஷியின் லான்சரை வைத்து 1993-இல் வந்த மாடல். மூன்று வாரப் பினாங்குப் பயணத்தில் என் காலை நேரங்களில் பாதியை அதுதான் தின்றது.

ஜெலுத்தோங் சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றால் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கும். டாஷ்போர்டில் அப்பா ஒட்டிவைத்த முருகர், வேலோடு கிடுகிடுவென்று ஆடுவார். ஏர்கோன் போட்டால் கதவுக் கண்ணாடியும் சேர்ந்து பாடும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்துவிட்டால் ஒன்றுமே இல்லை.

முதலில் பினாங்குத் தீவிலேயே ஒரு பட்டறைக்குப் போனோம். பெயர் வேண்டாம். பளபளவென்ற தரை, குளுகுளு காத்திருப்பு அறை, மெஷின் காப்பி. கால் மணி நேரத்தில் இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கும் பிளக் ஒயரும் போய்விட்டதென்று மாற்றி 280 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். வெளியே வந்து முதல் சிக்னலிலேயே முருகர் மறுபடி ஆடினார். திரும்பிப் போனால், "அப்போ கியர்பாக்ஸ்தான். இறக்கிப் பார்க்கணும், இரண்டாயிரத்துக்கு மேல ஆகும்." இதையும் சித்தப்பாவைப் பார்த்தே சொன்னார்கள். சித்தப்பாவுக்கு லைசென்ஸே கிடையாது. ஓட்டுகிறவள் நான், பக்கத்திலேயே நிற்கிறேன்; எப்போது நடுங்குகிறது, எப்போது நடுங்கவில்லை என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. பழைய பிளக்குகளைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்றாம்.

பக்கத்து வீட்டு அண்ணன்தான் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பிறையில் ஒரு போமனை, அதாவது மெக்கானிக்கை, சொன்னார். காடியை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போன காலம் முடிந்துவிட்டது, இப்போது பாலம்தான். பதின்மூன்றரைக் கிலோமீட்டர், எண்பதில் போனேன். இணைப்புகளில் டக் டக்கென்ற சத்தத்தைத் தவிர வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அது ஒரு துப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண், அறுபது வயதைத் தாண்டிய மனிதர். பசியாறியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைப் பார்த்தார்.

"யாரு ஓட்டுறது? நீங்களா தங்கச்சி? சொல்லுங்க."

சொன்னேன். பாலத்தில் எப்படி இருந்தது என்று அவரே கேட்டார். நன்றாக இருந்தது என்றதும், "சரி, டயரையும், சக்கரத்தைச் சுத்தவைக்கிற டிரைவ்ஷாஃப்ட்டையும் விட்டுடலாம். அதுங்க கெட்டிருந்தா வேகத்துலதான் ஆட்டும், நிக்கிறப்ப ஆட்டாது" என்றார்.

அடுத்து புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 25 வெடிப்பு. அது கைக்கு ஒரே சீரான ஊதலாகத்தான் படும். ஒரு சிலிண்டர் செத்திருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஓட்டை விழும், விநாடிக்கு ஆறு முறை. அதுதான் 'புஸ்... புஸ்' என்று விட்டுவிட்டு வரும். இங்கே அப்படி இல்லை. "நாலும் வேலை செய்யுது. பிளக் மாத்தினது தண்டம்."

பிறகு பானெட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்றுகொண்டார். கியரில் 'என்' நியூட்ரல், 'டி' முன்னே போக, 'ஆர்' ரிவர்ஸ். "என்-ல போடுங்க. இப்ப டி. இப்ப ஆர். திரும்ப டி." அவருடைய பையனை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து என்னை இறங்கிவந்து பார்க்கவும் சொன்னார். என்-இல் இஞ்சின் சும்மா இருந்தது. டி போட்டதும் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது, ஆர் போட்டதும் மறுபக்கம் தொம்மென்று சாய்ந்தது. ஆட்டோ கியரில் டி போட்டு நிற்கும்போது இஞ்சின் வண்டியைத் தள்ளப் பார்க்கிறது, பிரேக் பிடித்து வைத்திருக்கிறது. அந்த முறுக்கு முழுக்க, இஞ்சினை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் மவுண்டிங் ரப்பரில்தான் இறங்குகிறது. ரப்பர் கிழிந்திருந்தால் இரும்பும் இரும்பும் தொட்டு, நடுக்கம் நேரே பாடிக்குள் வந்துவிடும். ஏர்கோன் கம்ப்ரசர் அதன் மேல் இன்னொரு சுமை. டார்ச் அடித்துக் காட்டினார்: முன்பக்க ரப்பரில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. டைமிங் பெல்ட் பக்கத்து மவுண்டிங் அமுங்கியே போயிருந்தது.

ஒரு போன். இருபது நிமிடத்தில் ஸ்பேர்பார்ட்ஸ் கடைப் பையன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். மெல்பர்னில் இதற்கு முன்பதிவு செய்து ஒரு வாரம் காத்திருப்பேன்.

ஆனால் எல்லாமே தேன் இல்லை. மதியம் மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் வேறு மாதிரி ஆகியிருந்தது. சன்னமாக, சீட்டுக்கு அடியில், குறட்டை மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "இந்த ரப்பர் ரொம்பக் கெட்டி. மலிவா வர்ற ஜாமான்" என்று முகம் சுளித்தார். இன்னொரு போன், இன்னொரு மோட்டார், விலை கூடின ஒன்று. திரும்பக் கழற்றி மாட்டியதற்குக் கூலி கேட்கவில்லை. முதலிலேயே நல்லதை வரவழைத்திருக்கலாமே என்று கேட்டேன். பழைய காடிக்கு யாரும் காசு போட மாட்டேன் என்கிறார்களாம். என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம், அது ஒரு குறைதான். ரசீதும் கேட்ட பிறகே வந்தது, ஒரே வரியில்: 'மவுண்டிங், கூலி, 340'. எது எவ்வளவு என்று பிரித்து எழுத வைப்பதற்கு ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) குடித்து முடிக்கிற நேரம் ஆனது. பழைய மவுண்டிங்குகளை மட்டும் கேட்காமலே பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

ரிவர்ஸில் லேசாக இன்னும் ஒரு நடுக்கம் உண்டு. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம், ஆறு மாதம் தாங்கும் என்றார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிக்கொண்டு போகவும் சொன்னார். அதற்குள் நான் மெல்பர்ன் திரும்பிவிடுவேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவியைக் கொடுத்து, எந்தக் கிலோமீட்டரில் இறுக்க வேண்டும் என்று போமன் எழுதிக் கொடுத்த மீட்டர் எண்ணை டாஷ்போர்டில், முருகர் காலடியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.