தொண்ணூறு காசுக்கு ஒரு கிலோமீட்டர்

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்கு ஏறும் வழியில், படிக்கட்டு திரும்பும் இடத்தில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெரியவர் செருப்புத் தைக்கிறார். குடை ரிப்பேரும் உண்டு. பெயர்ப்பலகை இல்லை, நாற்காலி இல்லை. காத்திருக்க வேண்டுமானால் படியில்தான் உட்கார வேண்டும். மலையில் ஓடுகிறவர்கள் கிழிந்த ஷூவைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை இவரிடம் காட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குறைகளும் இருக்கின்றன. அவற்றையும் ஒளிக்கப்போவதில்லை.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 43. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னபோது நடக்க ஆரம்பித்தேன். நடை எந்த மாதத்தில் ஓட்டமாக மாறியது என்று நினைவில்லை. இப்போது வாரத்தில் நான்கு நாள், மொத்தம் 40 கிலோமீட்டர் போல ஓடுகிறேன். சிம்ஸ் பூங்காவிலிருந்து லாம்ப்ஸ் ராக் போகும் சாலையும், அங்கங்கே தேயிலைக்குள் இறங்கும் மண் தடங்களும்தான் என் மைதானம். காட்டுமாடுகளுக்குப் பயந்து, நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்புவேன். பெண்களுக்குச் சாதாரணப் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே வேண்டாத ஊரில் காசு கொடுத்து ஓடுகிறவள் நீ ஒருத்திதான் என்பது என் கணவரின் கேலி.

காசு கொடுத்துத்தான் ஓடுகிறேன். முதலில் அவரிடம் கொண்டுபோன ஷூவின் விலை 8,999 ரூபாய். 380 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது இரண்டு காலிலும் சுண்டுவிரல் பக்கம் வலைத்துணி கிழிந்துவிட்டது. உள்ளே குதிப்பக்கத்து லைனிங் தேய்ந்து, பிளாஸ்டிக் விளிம்பு எட்டிப் பார்த்தது. வலது ஷூவின் அடி, மூக்குப் பக்கத்தில் வாயைத் திறந்திருந்தது. அன்றே குப்பையில் போட்டிருந்தால் கிலோமீட்டருக்கு 23 ரூபாய் 68 காசு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிழிசலுக்கு ரெக்ஸின் வைத்து ஒட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ ஒரு பழைய குடையை எடுத்து, அதன் துணியில் கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டினார். ஷூவுக்குள் கையை விட்டு, துண்டை உட்பக்கமாக வைத்து, குத்தூசியால் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்தார். குடைத்துணி தண்ணீரைக் குடிக்காது, கனமும் இல்லை. இதைவிடப் பொருத்தமான துணி என் மூளைக்குத் தோன்றியிருக்காது. லைனிங்குக்கு மெல்லிய ஆட்டுத்தோல். அதை ஒட்டுவதற்கு முன் ஓரங்களைக் கத்தியால் காகிதம் போலச் சீவினார். மேடு இருந்தால் குதியைக் கடிக்கும் என்றார்.

அடி ஒட்டியதுதான் எனக்குப் பெரிய பாடம். வீட்டில் நான் இரண்டு முறை ஒட்டி, இரண்டு முறையும் ஒரே வாரத்தில் பிய்ந்த அடி அது. பெரியவர் முதலில் என் பழைய பசையை முழுவதும் சுரண்டினார். உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கத்தையும் சொரசொரப்பாக்கினார். மஞ்சள் சொலூஷனை இரண்டு பக்கமும் மெல்லிதாகத் தடவினார். பிறகு அப்படியே வைத்துவிட்டு, இன்னொருவரின் குடைக்குக் கம்பி மாற்றப் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து விரலால் தொட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகே சேர்த்து அழுத்தினார். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினேன் பாருங்கள், அதுதான் என் தவறு. அந்த வகைப் பசை காய்ந்த பிறகுதான் ஒன்றையொன்று பிடிக்கும். சைக்கிள் டியூபைக் கிழித்த பட்டையால் இறுக்கிக் கட்டி, நாளைக்கு வாருங்கள் டீச்சரம்மா என்றார்.

மேல் கிழிசலுக்கு 120, லைனிங்குக்கு 80, அடிக்கு 80. ஆக 280 ரூபாய். அந்த ஷூ அதற்குப் பிறகு 310 கிலோமீட்டர் ஓடியது. அந்த இரண்டாம் வாழ்வில் கிலோமீட்டருக்குத் தொண்ணூறு காசு. டிசம்பரில் கோவை மாரத்தானில் 21.1 கிலோமீட்டரை அதே ஷூவில்தான் முடித்தேன், இரண்டு மணி இருபத்தொரு நிமிடத்தில். 1,850 மீட்டர் உயரத்தில் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிப் பழகியவளுக்குக் கீழே காற்று தாராளமாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் அந்த லாபமெல்லாம் போய்விட்டது. அது வேறு கதை.

இனி குறை. தைத்து வாங்கிய பிறகு ஓடிய முதல் நீண்ட ஓட்டத்தில், 16 கிலோமீட்டரில், இடது சுண்டுவிரலில் கொப்புளம். நூலின் முடிச்சை உள்பக்கமாக விட்டிருக்கிறார். நடக்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கடுகு அளவு முடிச்சும் ஆணியாகிவிடும். திரும்பக் கொண்டுபோனேன். பிரித்து, முடிச்சை வெளியே தள்ளித் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வருத்தமும் தெரிவிக்கவில்லை. அடுத்த முறை நானே முதலில், முடிச்சு வெளியே வரட்டும் ஐயா என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஜோடியில் பேராசைப்பட்டேன். மண் தடத்துக்காக வாங்கிய ஷூ அது. அடியில் இருந்த பற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. புது அடி போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார், போட்டும் தந்தார். ஒட்டு வேலையில் பழுது சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் இருந்த ரப்பர் தகடு செருப்புக்கானது. கெட்டியானது, பல்லும் கிடையாது. வீட்டுத் தராசில் 270 கிராம் இருந்த ஒரு ஷூ 340 ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் பாசி பிடித்த தோட்டத்துக் கற்படியில் முதல் நாளே சறுக்கி, உட்கார்ந்தபடியே மூன்று படி இறங்கினேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுவதற்கு மலை ரயிலுக்கே பல் வைத்த தண்டவாளம் வேண்டியிருக்கிறது, நான் எம்மாத்திரம்? அந்த ஜோடியை இப்போது பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். இதில் தவறு பெரியவருடையது இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்: ஓட்ட ஷூவுக்கு அவரிடம் புது அடி போடாதீர்கள்.

அவர் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது மூன்றாவது ஜோடியில்தான். அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். பார்வைக்கு மூன்றிலும் நல்ல ஷூ அதுதான். தார்ச்சாலைக்கு மட்டும் போட்டது, 900 கிலோமீட்டர் ஆகியிருந்தது. லேஸ் மாட்டும் ஒரு துளை பிய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் துளையைப் பார்க்கவில்லை. அடிக்கும் மேல்துணிக்கும் நடுவில் உள்ள வெள்ளைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினார். பக்கவாட்டில் ஓடிய சுருக்கங்களை என்னிடம் காட்டினார். "இது செத்துவிட்டது டீச்சரம்மா. நான் தைத்தால் துளை நிற்கும், கால் நிற்காது."

அந்த வெள்ளைப் பகுதி நுண்ணிய காற்றறைகள் நிறைந்த நுரை. ஒவ்வொரு காலடிக்கும் அமுங்கி எழுந்து, நாளடைவில் அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிடும். ஓடுகிறவரின் எடை, பாதை இவற்றைப் பொறுத்து 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது பொதுவான வழக்கம். இதெல்லாம் எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கு அறிவுரையும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு மாதமாக வலித்த முழங்காலுக்கு வயதைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷூவை மாற்றினேன்; மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. துளை தைத்திருந்தால் அவருக்கு முப்பது ரூபாயாவது கிடைத்திருக்கும்.

இதை எழுதும்போது மலைக்குக் கீழே ஒரு பெரிய கடையில் பட்ட அனுபவம் நினைவுக்கு வருகிறது. டிரெட்மில்லில் ஓடவிட்டு, காலை வீடியோ எடுத்து, பாதம் உள்பக்கம் சாய்கிறது என்று சொல்லி, அதற்கென்றே செய்ததாக ஒரு விலை உயர்ந்த ஷூவைத் தலையில் கட்டினார்கள். அமெரிக்காவில் ராணுவத்திலும் விமானப்படையிலும் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பிரிவுக்குப் பாத வளைவைப் பார்த்தும், இன்னொரு பிரிவுக்குப் பாராமல் ஒரே வகையாகவும் ஷூ கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. இதை நான் படித்தது பணம் கட்டிய பிறகு.

பெரியவர் வீடியோ எடுப்பதில்லை. ஷூவைக் கவிழ்த்துப் பார்க்கிறார். என் ஷூவில் மூக்கும் தேய்ந்திருக்கிறது, குதியின் பின்விளிம்பும் தேய்ந்திருக்கிறது. "ஏறும்போது நன்றாக ஏறுகிறீர்கள். இறங்கும்போது பயம்" என்றார். உண்மைதான். இறக்கத்தில் காலை முன்னால் நீட்டி, குதியால் பிரேக் போட்டுப் போட்டு இறங்குகிறவள் நான். மறுநாள் தொடை கல்லாகிவிடும். அவரை ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த மூச்சிலேயே, குதியில் லாடம் அடித்துத் தரட்டுமா, தேயவே தேயாது என்று கேட்டார்.

ஒருநாள் காத்திருந்தபோது, ஓடி ஜெயித்தால் என்ன கொடுப்பார்கள் என்று விசாரித்தார். பதக்கம் என்றேன்.

"முதலில் வந்தவருக்கா?"

"முடித்த எல்லோருக்கும், ஐயா."

குத்தூசி ஒரு நிமிடம் நின்றது. நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதை நான் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பத்து மணிக்கு மேல்தான் வருவார். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து நான்கு நாள்கூடத் தார்ப்பாய் மடித்தே கிடக்கும். பந்தயத்துக்கு முந்தின வாரம் அவரை நம்பி ஷூவைக் கொடுக்காதீர்கள். ரசீது கிடையாது. ஈர ஷூவை வாங்கமாட்டார், சேற்றோடு நீட்டினால் முகத்தைச் சுளிப்பார். கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி நிழலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்பருகில் வைத்தால் நுரையும் கெடும், பசையும் இளகும். ஒரு கால்தான் கிழிந்திருக்கிறது என்று ஒற்றை ஷூவோடு போகாதீர்கள். நான் போனேன், இன்னொன்றையும் எடுத்து வாருங்கள் என்று படிக்கட்டு முழுவதும் என்னைத் திரும்ப ஏறவைத்தார்.