ஹிக்கரி வில்லுக்கு ஹீட் கன்: வாங்கலாமா?

பெயின்ட் உரிப்பதற்கென்று கடையில் விற்கிற, சூடான காற்றை ஊதும் சாதாரண 1500 வாட் ஹீட் கன்தான் இது. ஆனால் மரத்தில் வில் செதுக்குகிறவர்கள், அதிலும் ஹிக்கரி என்கிற கடின மரத்தில் செய்கிறவர்கள், தாராளமாக வாங்கலாம்.

ஹிக்கரியின் குணம் அப்படி. முதுகுப் பக்கம், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறம், எவ்வளவு இழுத்தாலும் லேசில் அறாது, ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். டொரண்டோ மாதிரி கோடையில் புழுங்கித் தள்ளுகிற ஊரில், நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தபடியே நிற்கும், அம்பு வேகமும் போய்விடும். இதற்கு மருந்து, எய்பவரைப் பார்க்கிற உள்பக்கத்தை வறுத்தெடுப்பதுதான். ஈரம் வெளியேறி அந்தப் பக்கம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வில்லை அச்சில் (வேண்டிய வளைவுக்கு வெட்டிய கட்டையில்) கிளாம்ப் போட்டு வைத்துக்கொண்டே சூடாக்கினால் வில்லின் இரண்டு கைகளும் முன்பக்கம் வளைந்து அப்படியே நின்றுவிடும்.

இந்த ஹீட் கன்னில் சூட்டுக்கு இரண்டே நிலை, குறைந்த சூடே போதும். நான்கு அங்குல உயரத்தில் பிடித்து, ஒரு சாண் நீளம் முடிந்த பிறகே அடுத்ததற்கு நகர வேண்டும். மரம் தேன் நிறத்திலிருந்து மெதுவாகக் காப்பி நிறத்துக்கு வரும். சட்டென்று கறுத்தால் மேல்தோல் மட்டும் கருகியிருக்கிறது என்று அர்த்தம். முதுகுப் பக்கம் விரல் வைக்க முடியாதபடி சுட்டால்தான் உள்ளே முழுசாகச் சூடு இறங்கியிருக்கிறது. அப்புறம் அச்சிலேயே இரவு முழுக்க ஆறவிடுங்கள்.

குறை என்றால், சூட்டைக் கூட்டிக் குறைக்க டயல் இல்லை, நிமிர்த்தி வைத்தால் அடிப்பாகம் ஆடுகிறது, சத்தமும் அதிகம். முடிந்தால் கொஞ்சம் கூடப் பணம் போட்டு டயல் வைத்த மாடலை எடுங்கள்.

நுனியைக் கொக்கி மாதிரி வளைக்க மட்டும் இதை நம்ப வேண்டாம், அதற்கு நீராவிதான் சரி. ஒரு அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆவி காட்ட வேண்டும், சூளையில் உலர்த்திய பலகை அதற்கும் சரியாக மசியாது. முதுகில் வேறொரு மெல்லிய பட்டையைப் பசை போட்டு ஒட்டிய வில் என்றால் இன்னும் கவனம், சூட்டில் பசை இளகிவிடும்.

வறுத்த கையோடு நாண் ஏற்றவே ஏற்றாதீர்கள். மரம் எலும்பாகக் காய்ந்திருக்கும், இழுத்தால் முறியும். ஒரு வாரமாவது நிழலில் சாத்தி வைத்து, கொஞ்சம் ஈரம் திரும்பிய பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள்.