பேட்மிண்டன்: ஒற்றையரா, இரட்டையரா?

மாநில அளவில் நன்றாக ஆடும் பிள்ளை, இனி எதையாவது ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலை வரும்போது வீட்டில் எழும் கேள்வி இது. தொழிலாகவே ஆடப் போகிறவர்கள் முதலில் பணத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

வருமானம்: சர்வதேச பேட்மிண்டன் கூட்டமைப்பு நடத்தும் உலக டூரின் சிறிய போட்டிகளில் ஒற்றையர் சாம்பியனுக்கு மொத்தப் பரிசுத் தொகையில் 7.5 சதவீதம். இரட்டையர் ஜோடிக்கு 7.9. ஒரு லட்சம் டாலர் போட்டி என்றால் ஒற்றையரில் 7,500 டாலர், இரட்டையரில் தலைக்கு 3,950. விமானக் கட்டணம் மட்டும் யாருக்கும் பாதியாகக் குறைவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெயர்: இங்கே சாய்னா, சிந்து என்று ஒற்றையர்தான் வீட்டுப் பெயர்கள். 2023 அக்டோபரில் சாத்விக்–சிராக் ஜோடி உலக முதலிடம் பிடித்த பிறகுதான் இரட்டையர் பக்கம் கண் திரும்பியது.

ஆயுள்: இதில் இரட்டையர்தான் மேல். ஒற்றையரில் முன்னும் பின்னும் ஓடிப் பாய்ந்து முழங்கால் சீக்கிரம் தேய்கிறது. 2019 ஆகஸ்ட் 25-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிந்து உலகப் பட்டம் வென்றபோது வயது 24. அதே நாள், அதே அரங்கில் இரட்டையர் பட்டம் வென்ற இந்தோனேசியாவின் ஹெந்திரா செத்தியவானுக்கு 35. அப்புறமும் 40 வயதுவரை ஆடினார்.

சிக்கல்: ஒற்றையரில் தோல்வி முழுக்க உங்களுடையது. இரட்டையரில் துணைக்குக் காயம் பட்டால் உங்கள் தரவரிசையும் சரியும்.

நீண்ட ரேலிக்கு மூச்சும் பொறுமையும் உள்ளவர்கள் ஒற்றையருக்குப் போகலாம். வலைக்கு அருகே கை வேகம், தட்டையான டிரைவ் (வலையை ஒட்டி நேராகப் பறக்கும் வேக அடி), இன்னொருவரோடு ஒத்துப்போகும் குணம் எல்லாம் இருந்தால் தயங்காமல் இரட்டையர்.