மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குச் சென்னை டூர்: சேலத்துக்காரர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

கடந்த ஜூலையில் என் மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். மனைவி வீட்டிலேயே தையல் தைக்கிறாள். பிறந்தநாள் என்றால் எங்கள் வீட்டில் ஒரு கேக், ஒரு புது டிரெஸ், கோட்டை மாரியம்மன் கோயிலில் ஒரு அர்ச்சனை. இந்த வருடம் அவளே வந்து கேட்டாள். “அப்பா, எனக்கு டிரெஸ் வேண்டாம். மெட்ராஸ் கூட்டிட்டுப் போங்க.”

குரும்பப்பட்டி பூங்காவை அவள் நான்கு தடவை பார்த்துவிட்டாள். மான், மயில், முதலை எல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. வண்டலூரில் சிங்கமும் வெள்ளைப்புலியும் பார்க்க வேண்டும், மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும், கடலில் கால் நனைக்க வேண்டும். இந்த மூன்றையும் நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். சேலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்காடு கைக்கெட்டும் தூரம், கடல் எட்டாத தூரம். மாதம் 1,500 ரூபாய் சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் ஜூனில் கைக்கு வந்தது.

நாமே டிக்கெட் போட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குச் சென்னை பழக்கமில்லை, நான்கு வயதுப் பையனும் கூட வருகிறான், எங்கேயும் அலையக் கூடாது என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. குழந்தைகள் பிறந்தநாள் ஸ்பெஷல், சென்னை இரண்டு நாள், ரயில் டிக்கெட், ஏசி ரூம், கார், ரூமில் பலூன் அலங்காரம், கேக், எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு 17,500 ரூபாய். புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். நேரில் போனேன். சுவர் முழுக்கக் குடும்பங்களின் போட்டோ. அந்த மனிதர் நன்றாகப் பேசினார். “அண்ணா, பாப்பா பர்த்டேன்னா என் பொறுப்பு, நீங்க பெட்டியைக் கட்டுனாப் போதும்” என்றார். 8,000 அட்வான்ஸ் கொடுத்தேன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு மீதி 9,500. இரண்டு தடவையும் போனில் அனுப்பிய பணம் நிறுவனத்தின் பெயருக்குப் போகவில்லை, வேறு ஒரு ஆளின் பெயருக்குப் போனது. கேட்டதற்கு “தம்பி அக்கவுண்ட்டுண்ணா” என்றார். பில் கேட்டேன், டூர் முடிந்து வந்ததும் தருவதாகச் சொன்னார்.

பட்டறைக்கு ஒரு கட்டி வெள்ளி வந்தால் டச், அதாவது அதன் சுத்தம், பார்க்காமல் உருக்க மாட்டோம். எவ்வளவு தெரிந்த ஆளாக இருந்தாலும் பார்ப்போம், கொடுப்பவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தச் சோதனையை இங்கே நான் செய்யவில்லை. அது என் மனதை இன்னும் அறுக்கிறது.

அவர் எழுதிக்கொடுத்த திட்டம் இது: ஞாயிறு இரவு ரயில், திங்கள் மெட்ரோவும் மெரினாவும், செவ்வாய் பிறந்தநாள் அன்று காரில் வண்டலூர், அன்றிரவே திரும்பும் ரயில். “பர்த்டே அன்னைக்கே ஜூ வச்சிருக்கேன்ணா, பாப்பாவுக்கு மறக்கவே மறக்காது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரயில் விஷயம் முதலில். டிக்கெட் என்று ஒரு போட்டோ அனுப்பினார். “கோச்சும் பெர்த்தும் சாயந்திரம் வந்துரும்” என்றார். ஏற்காடு எக்ஸ்பிரஸ், இரவு பத்து மணிவாக்கில் சேலம் ஜங்ஷனில் ஏறினால் விடிவதற்குள் சென்ட்ரல். ஒன்பது மணிக்கே பெட்டியோடு ஜங்ஷனில் நின்றோம். அவர் போனை எடுக்கவில்லை. விசாரணை கவுண்ட்டரில் அந்தப் பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணைக் காட்டினேன். அங்கிருந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு, “வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னு போச்சுங்க. ஆன்லைன் டிக்கெட் இப்படி இருந்தா சார்ட் போட்டதும் தானா கேன்சல் ஆயிரும், வண்டியில ஏற முடியாது” என்றார். பணம் என்னாகும் என்று கேட்டேன். டிக்கெட் போட்டவரின் கணக்குக்கே திரும்பிப் போய்விடுமாம்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் நஷ்டம் எங்களுக்கு, ரயில்வே திருப்பித் தரும் பணம் அவருக்கு. டிக்கெட் எடுக்கும்போது அவர் தன் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அதனால் ரயில்வேயிலிருந்து எந்தக் குறுஞ்செய்தியும் எனக்கு வரவில்லை. அவருக்குக் கட்டாயம் வந்திருக்கும்.

அப்புறம் அந்த டிக்கெட்டை நன்றாகப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நான்கு முழு டிக்கெட் என்று காசு வாங்கியவர் இரண்டு பெரியவர்களுக்கும் மகளுக்கும் மட்டுமே போட்டிருந்தார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை இல்லாமல் அரை டிக்கெட், படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். மகளுக்குப் படுக்கை இல்லாத அரை டிக்கெட். அதாவது அந்த டிக்கெட் உறுதியாகியிருந்தாலும் பிறந்தநாள் பிள்ளைக்குப் படுக்க இடம் இருந்திருக்காது.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் புதிய பேருந்து நிலையம் போய், கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். பையன் என் மடியில், மகள் அம்மா தோளில். விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். இப்போது சேலத்துப் பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. அங்கிருந்து வண்டலூர் பூங்கா கூப்பிடு தூரம். அன்று திங்கட்கிழமை, பூங்கா திறந்திருக்கும் நாள். அப்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முகம் கழுவி, இட்லி சாப்பிட்டுவிட்டு நேராக அங்கேயே போயிருப்போம். நாங்களோ திட்டத்தில் எழுதியபடி எழும்பூருக்குப் பஸ் ஏறினோம்.

எழும்பூர் லாட்ஜில் எங்கள் பெயர் இருந்தது. ஆனால் பணம் கட்டப்படவில்லை. வந்த பிறகு விடுதியில் கட்டிக்கொள்கிறோம் என்ற முறையில் அவர் பதிவு மட்டும் செய்திருந்தார். இப்படிப் பதிவு செய்யும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, செய்பவருக்கு ஒரு பைசா செலவில்லை. பதிவு உறுதியானதாக வந்த பக்கத்தைத்தான் எனக்கு அனுப்பி “ரூம் ஓகேண்ணா” என்றிருந்தார். கீழே சின்ன எழுத்தில் கட்ட வேண்டிய தொகை இருந்ததை நான் கவனிக்கவில்லை. பலூன், கேக் பற்றி லாட்ஜில் யாருக்கும் எதுவும் தெரியாது. அறையும் மதியம் 12 மணிக்கு மேல்தான். வரவேற்பில் இருந்த பெரியவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் முன்னாலேயே அறையைத் திறந்துவிட்டார். 2,800 ரூபாய் மறுபடி கட்டினேன்.

அன்று மாலை நன்றாகத்தான் போனது. எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி மெரினாவுக்குப் போனோம். தரைக்கு அடியில் ரயில் ஓடுவதைப் பார்த்து மகளுக்குப் பேச்சே வரவில்லை. கடலில் முழங்கால் நனையும் வரை விட்டேன், கையை விடவில்லை. மெரினாவில் இழுவை அதிகம், பிள்ளைகளோடு போகிறவர்கள் அதற்கு மேல் இறங்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கார் வர வேண்டும். “டிரைவர் வந்துட்டே இருக்காரு” என்று டூர்க்காரர் பத்தரை வரை போனில் சொன்னார், பிறகு போனை அணைத்துவிட்டார். மகள் பிறந்தநாள் டிரெஸ் போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ரகசியமாகத் தைத்துக் கொண்டுவந்த நீல கவுன் அது. இதற்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் வண்டலூர் போனோம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது அவள் எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

கேட் பூட்டியிருந்தது.

“செவ்வாய்க்கிழமை லீவு சார்” என்றார் காவலாளி. இன்றைக்கு மட்டுமா என்று கேட்டேன். “வாராவாரம் செவ்வாய் லீவுதான் சார். போர்டே இருக்கு பாருங்க.” போர்டு இருந்தது. மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. “அப்பா, அந்த அங்கிளுக்கு இது தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

தெரியாமல் இருக்க வழியில்லை. குழந்தைகளுக்கான சென்னை டூரையே தொழிலாகச் செய்கிறவருக்கு வண்டலூர் செவ்வாய் விடுமுறை என்பது அரிச்சுவடி. பிறந்தநாள் அன்றே ஜூ என்றால் அப்பா அம்மா மறுபேச்சு பேசாமல் பணம் கட்டுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தேதியைத் தள்ளிப்போட முடியாத ஆட்களாகப் பார்த்து விற்கிறார். கார் வராததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அன்று அங்கே போய்ப் பயனில்லை என்று அவருக்கு முன்பே தெரியும்.

ஒரு வழியாகப் போனை எடுத்தபோது “அப்போ கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா” என்றார். பக்கத்தில் நின்ற காவலாளி தலையை ஆட்டினார். அதுவும் செவ்வாய் விடுமுறை.

அந்த நாளை மீட்டது என் மனைவிதான். “ஏங்க, ரூமுக்குப் பக்கத்துல மியூசியம் இருக்குல்ல, அங்க போலாம்” என்றாள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் அன்று திறந்திருந்தது. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே பிள்ளைகள் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றார்கள். அங்கிருந்த ஊழியர் ஒருவர் மகளின் முகத்தைப் பார்த்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன செய்தி எனக்கும் புதிது. சென்னையின் விலங்குக் காட்சிசாலை 1855இல் இந்த வளாகத்தில்தான் தொடங்கியதாம். பால்ஃபர் என்ற வெள்ளைக்கார அதிகாரி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கேயே விலங்குகளை வைத்திருக்கிறார். அப்புறம் அது பார்க் டவுனுக்குப் போய், 1985இல்தான் வண்டலூரில் திறக்கப்பட்டது. “அப்போ நான் பழைய ஜூவுக்கு வந்திருக்கேனாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஊழியருக்கு என் மனமார்ந்த நன்றி.

திரும்பும் டிக்கெட்டும் அதே வெயிட்டிங் லிஸ்ட். கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில்தான் ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது, ரயில் கிடைக்காததற்கு ரயில்வேதான் பொறுப்பு, ஜூ மூடியதற்கு அரசாங்கம்தான் பொறுப்பு என்றார். மூன்று தடவை அலைந்தேன். அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். பதிந்த சில நாட்களில் 5,000 ரூபாய் அனுப்பி, “எல்லாம் செட்டில் ஆயிருச்சுன்னு ஒரு மெசேஜ் போட்டுருங்கண்ணா” என்று கேட்டார். நான் போடவில்லை. நீங்களும் இந்த மாதிரி நிலையில் போட வேண்டாம், அந்த ஒரு வரியையே பின்னால் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். மீதி 12,500க்கும் லாட்ஜுக்குக் கட்டிய 2,800க்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயாராகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். அவர் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும், பணம் போன பெயரையும், லாட்ஜ் ரசீதையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். இதை முன்பே எனக்குச் சொல்ல ஆள் இருந்திருந்தால் முதல் நாளே செய்திருப்பேன்.

இப்போது காலாண்டு விடுமுறைக்கு அதே விளம்பரம், அதே பலூன் படத்தோடு மறுபடி சுற்றுகிறது. பெயரை இங்கே போட முடியாது. ஏற்கெனவே யாரிடமாவது இப்படிப் பணம் கட்டியிருந்தால் இன்று இரவே உங்கள் பிஎன்ஆர் எண்ணை 139க்குக் குறுஞ்செய்தி அனுப்பி நிலவரம் பாருங்கள். நாளைக் காலையில் விடுதிக்கு நீங்களே போன் செய்து, பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள், பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். போகிற ஒவ்வொரு இடத்துக்கும் விடுமுறை எந்தக் கிழமை என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்ப இன்னும் நாள் இருக்கும்போது பணத்தைத் திருப்பிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஜங்ஷனில் பெட்டியோடு நிற்கும்போது கேட்டால் போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.