கான்ஜுகேட் பிரையர்: ஜாக்ஸ், நிம்பிள், ஸ்டான் எப்படிக் கையாளுகின்றன?

ஜாக்ஸ், நிம்பிள், ஸ்டான் மூன்றும் பேய்சியன் புள்ளியியல் மாடல்களைக் கணக்கிடும் மென்பொருள்கள். ஒரு நாணயத்தில் பூ விழும் நிகழ்தகவுக்கு பீட்டா(2, 2) என்று பிரையர், அதாவது தரவைப் பார்க்கும் முன் நம் கணிப்பு, வைக்கிறோம். பத்து முறை சுண்டியதில் ஏழு முறை பூ விழுந்தால் போஸ்டீரியர், அதாவது தரவைப் பார்த்த பின் மாறிய கணிப்பு, பீட்டா(9, 5). வெறும் கூட்டல்தான்: 2 + 7, 2 + 3. பிரையரும் போஸ்டீரியரும் இப்படி ஒரே குடும்பத்தில் அமைந்தால் அது கான்ஜுகேட். ஆனால் பயனர் எப்படிப்பட்ட மாடலை எழுதினாலும் இந்த உறவை மென்பொருளே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வேலை கடினமாகிவிடுகிறது.

மார்ட்டின் பிளம்மரின் ஜாக்ஸ், பக்ஸ் என்ற பழைய மென்பொருளின் மரபில் வந்தது. மாடலில் வரும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் அது கேட்டுப் பார்க்கிறது: உன் வழியாகப் போனால் நேரியல் தன்மை நிலைக்குமா? வெறும் மடங்காக மட்டும் மாறுமா? உதாரணமாக, டௌ என்ற பிரிசிஷனுக்கு (மாறுபாட்டின் தலைகீழ்) காமா பிரையர் கொடுத்திருக்கிறோம். நார்மலுக்குள் அதை 4 * டௌ என்று எழுதினாலும் கான்ஜுகேட் உறவு கெடாது. டௌ + 1 என்று எழுதினால் போச்சு, ஜாக்ஸ் பொதுவாக ஸ்லைஸ் சாம்ப்ளருக்குத் தாவிவிடும் (சாம்ப்ளர் என்பது போஸ்டீரியரிலிருந்து மதிப்புகளை எடுக்கும் முறை). அதைத் தானாகச் சொல்லவும் சொல்லாது. சாம்ப்ளர் பட்டியலை நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நிம்பிளும் இதே தேடலைச் செய்கிறது, ஆனால் செய்யும் விதம் எனக்கு இன்னும் பிடித்தது. முதலில் சமன்பாட்டைப் பிரித்து, அது நேரியலா என்று பார்க்கிறது. ஆம் என்றால், அளவுருவுக்கு 0, பிறகு 1 என்று வைத்துக் கணக்கிட்டே மாறிலியையும் கெழுவையும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் தனிச் சூத்திரம் தேவையில்லை. வேண்டாமென்றால் கான்ஜுகேட் தேடலையே அணைத்துவிடலாம், ஒரே ஒரு அளவுருவுக்கு மட்டும் வேறு சாம்ப்ளர் வைக்கலாம், சொந்தமாக ஒன்றை எழுதியும் சேர்க்கலாம். ஜாக்ஸில் அப்படிச் சேர்க்க சி++ மாட்யூல் எழுத வேண்டும்.

ஸ்டான் இந்தத் தேடலில் இறங்குவதே இல்லை. கிரேடியன்ட், அதாவது போஸ்டீரியர் எந்தப் பக்கம் எவ்வளவு ஏறுகிறது என்ற சரிவு, கிடைத்தால் போதும், எந்தப் பிரையரும் அதற்கு ஒன்றுதான். இது பெரிய விடுதலை. கணக்குச் சுலபமாகிறது என்பதற்காகவே, குழுக்களுக்கிடையிலான மாறுபாட்டுக்கு இன்வர்ஸ்-காமா பிரையரைப் பலரும் பயன்படுத்தி வந்தார்கள். குழுக்கள் குறைவாக இருக்கும்போது அது முடிவையே இழுத்துவிடும் என்று 2006-இல் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் காட்டினார். ஸ்டானில் அதற்குப் பதிலாக ஹாஃப்-கௌச்சி என்ற பிரையரை வைத்தால் எதையும் இழப்பதில்லை. ஜாக்ஸிலும் நிம்பிளிலும் வைக்கலாம்தான், ஆனால் அந்த இடத்தில் பொதுவாக கான்ஜுகேட் சாம்ப்ளர் போய்விடும்.

ஸ்டானுக்கு விலை வேறு இடத்தில். எந்தத் தரவு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது போன்ற தனித்த அளவுருக்களை அது சாம்பிள் செய்யாது. எல்லா வாய்ப்புகளையும் நாமே கூட்டித் தொகுத்து எழுத வேண்டும். கலவை மாடல்களில் நான் தயங்காமல் நிம்பிளுக்குப் போவேன்.

அதற்காக, கான்ஜுகேட் என்றாலே வேகம் என்று நம்பிவிடக் கூடாது. ரிக்ரெஷனில் எக்ஸ் என்ற விளக்க மாறியை மையப்படுத்தாமல் விட்டால் சாய்வும் வெட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மற்றதை அப்படியே வைத்து ஒவ்வொன்றாக எடுக்கும் கிப்ஸ் முறையில் போனால் செயின் (எடுத்த மதிப்புகளின் தொடர்) ஊர்ந்துதான் நகரும். ஜாக்ஸில் ஜிஎல்எம் (பொதுமைப்படுத்திய நேரியல் மாடல்) மாட்யூலை ஏற்றினால் இரண்டும் ஒரே தொகுதியாக எடுக்கப்படும். ஏற்றவில்லையென்றால் எக்ஸிலிருந்து சராசரியைக் கழித்துவிட்டு ஓட்டுங்கள்.